வாசலில் நின்று கூப்பிட ஒரு பேர்

போன வாரம் ஒரு ராத்திரி, மணி பத்தரை இருக்கும், பெங்களூரிலிருந்து என் தங்கை மகள் போன் பண்ணினாள். குழந்தை பிறந்து எட்டு நாள். தூக்கம் கெட்ட குரல்.

"பெரியம்மா, பதினோராம் நாள் பேர் வைக்கணும். அஸ்த நட்சத்திரம், முதல் பாதம். ‘பூ’வுல ஆரம்பிக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஆப்புல தேடினா பூஜா, பூர்ணா, பூர்வி, மறுபடியும் பூஜா. எங்க அபார்ட்மென்ட்லயே மூணு பூர்வி இருக்கு. யாருக்கும் இல்லாத பேரா ஒண்ணு சொல்லுங்களேன்."

யோசிக்கவே தேவைப்படவில்லை. "பூங்கோதை" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது உங்க ஆயா பேரில்ல?"

"ஆமா. முழுசாச் சொன்னா ஞானப்பூங்கோதை."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அத்தைக்கு வாயில வருமா?"

அவள் மாமியார் நெல்லூர்க்காரர். வீட்டில் தெலுங்கு. "உங்க அத்தை கூப்பிட அந்தப் பேருக்கு ஒரு தெலுங்கு ஜோடியே இருக்கு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நாளைக்கு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தால் வாட்ஸப்பில் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும், நீங்களும் படியுங்கள்.

எங்கள் ஊர் காளஹஸ்தி. ரயில்வே பலகையில் ஸ்ரீகாளஹஸ்தி, தேவாரத்தில் திருக்காளத்தி, சென்னையில் பஸ் ஏறுகிறவர்கள் வாயில் காளாஸ்திரி. ராகு கேது பரிகாரம் செய்துகொண்டு, பூஜை முடிந்ததும் வேறெங்கும் நுழையாமல் நேரே வீட்டுக்குப் போக வேண்டும் என்று வேகவேகமாகக் கிளம்புகிறவர்கள்தான் இப்போது அதிகம். வாயுத் தலம் என்பது அவர்களுக்குத் தெரியும். காற்றுப் புகாத கருவறையில் ஆடிக்கொண்டே இருக்கும் விளக்கைப் பார்த்திருப்பார்கள். அம்மன் சன்னதியில் கும்பிட்டிருப்பார்கள். அம்மன் பேர் என்ன என்று திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு நினைவிருக்காது. எனக்கு அது பெரிய வருத்தம். ஏனென்றால் அந்த ஊரே பேர்களால் ஆன ஊர்.

ஊர்ப் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீ என்பது சிலந்தி, காளம் பாம்பு, ஹஸ்தி யானை. லிங்கத்துக்கு மேலே வலை பின்னிக் காத்தது சிலந்தி. பாம்பு மணிகளைக் கொண்டுவந்து வைத்தது. யானை துதிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து நீராட்டியது. கும்பிட வந்த மூன்று உயிர்களின் பேரைச் சேர்த்துத்தான் ஊருக்குப் பேர், சாமிக்கும் அதே பேர். பெரிய ராஜாவின் பேரோ ரிஷியின் பேரோ வைக்கவில்லை. பூச்சியின் பேர் முதலில் வருகிறது. சின்ன வயதில் இதைக் கேட்டபோது எங்கள் வீட்டு மூலையில் இருந்த சிலந்தி வலையை ஒட்டடைக்கோலால் எடுக்க விடாமல் நான் அழுதிருக்கிறேன்.

ஹஸ்தி தமிழில் அத்தி ஆகும். காள அத்தி, காளத்தி. ஹஸ்தி என்றால் கையுடையது. தமிழிலும் யானைக்குக் கைம்மா என்று ஒரு பேர் உண்டு, கையுள்ள விலங்கு. அஸ்த நட்சத்திரத்தின் அஸ்தமும் அதே கைதான். ஆகையால், மகளே, உன் குழந்தை நட்சத்திரத்திலேயே எங்கள் ஊரின் ஒரு துண்டு இருக்கிறது. நான் இழுத்துக் கட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

அப்புறம் கண்ணப்பர். அவர் பிறந்தபோது வைத்த பேர் திண்ணன். அப்பா நாகன் கையில் தூக்கியபோது பிள்ளை திண்ணென்று கனத்தான், அதனால் திண்ணன் என்று சேக்கிழார் காரணம் சொல்லுகிறார். வேடர் வீட்டில் வைத்த அந்தப் பேர், அவர் ஒரு கண்ணை அப்பி, மறுகண்ணையும் தோண்டப் போன நொடியில் மாறிவிடுகிறது. தடுத்த சாமி அவரைத் திண்ணா என்று கூப்பிடவில்லை, கண்ணப்பா என்று கூப்பிட்டார். கனத்தால் வந்த பேர் போய், செய்த காரியத்தால் ஒரு பேர் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பேர்தான். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கண்ணப்பன்கள் இருக்கிறார்கள். இந்தக் கதை சினிமாவானபோதும் ஒரு பேர் பிறந்தது. 1954-ல் ‘பேடர கண்ணப்பா’ என்ற கன்னடப் படத்தில் நடிக்க வந்த முத்துராஜுவுக்கு இயக்குநர் எச்.எல்.என். சிம்ஹா வைத்த பேர்தான் ராஜ்குமார். அவர் நடித்த ஒரே தெலுங்குப் படமும் இதே கதைதான், ‘காளஹஸ்தி மகாத்மியம்’.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் தந்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். பின்னாளில் காளஹஸ்தி ஜமீனாக இருந்த குடும்பம் அது. அவருடைய அப்பா சென்னப்ப நாயக்கர் பேரால்தான் சென்னப்பட்டினம் என்பது பலரும் சொல்லும் வரலாறு. சென்னைக்கே எங்கள் பக்கத்துக் குடும்பம் பேர் கொடுத்தது என்று என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போது மீசை கொஞ்சம் ஏறும்.

இத்தனை பேர் இருக்கிற ஊரில் அம்மன் பேர்தான் எனக்கு எல்லாவற்றிலும் மேல். தலக்கதையில் அவளும் அந்தப் பேரைத் தவம் செய்துதான் பெற்றிருக்கிறாள். சாபத்தால் தெய்வ உடலை இழந்த பார்வதி இங்கே வந்து நெடுநாள் தவமிருந்து, முன்னைவிட நூறு மடங்கு ஒளியுள்ள உடலையும் ஞானத்தையும் பெற்றாள் என்பது கதை. அப்படி எழுந்தவள் ஞானப்பிரசூனாம்பிகை. தமிழில் ஞானப்பூங்கோதை.

இரண்டும் ஒரே பேர்தானே, ஒன்று வடமொழி, ஒன்று தமிழ், அவ்வளவுதானே என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மதுரையில் மீனாட்சி, அங்கயற்கண்ணி. திருவண்ணாமலையில் அபீதகுசாம்பாள், உண்ணாமுலை. நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி, கருந்தடங்கண்ணி. அந்த மாதிரி ஜோடிகளில் ஒன்று என்றுதான் எண்ணம். ஒருநாள் இரண்டு பேரையும் பிரித்து வைத்துப் பார்த்தேன். அவை ஒன்றல்ல.

பிரசூனம் என்றால் பூ. அந்தச் சொல் வந்த வழியைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்துவிடும். பிறப்பித்தல், ஈனுதல் என்ற பொருளுள்ள ‘சூ’ என்ற வேரிலிருந்து வருகிறது. நாம் தினமும் சொல்லும் பிரசவமும் அதே வேரில் பிறந்ததுதான். செடி பெற்றெடுத்தது பிரசூனம். பின்னால் அம்பிகை, அதாவது அம்மா. ஆக அந்தப் பேர் முழுக்கத் தாய் வாசனை. ஞானம் பூவாகப் பிறந்திருக்கிறது, அந்தப் பூவே நமக்குத் தாயாக நிற்கிறாள். எட்டு நாளுக்கு முன்னால் பிரசவ அறையில் இருந்த பெண்ணுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தமிழ்ப் பேரில் அம்மாவைக் காணோம். ‘ஞானப்பூவம்மை’ என்று வைத்திருக்கலாம். அளவாகவும் இருக்கும், மொழிபெயர்ப்பும் சரியாக இருக்கும். ஆனால் பேர் கோதை என்று முடிகிறது. கோதை என்றால் தொடுத்த பூமாலை. கூந்தலில் சூடும் மாலை. அந்தக் கூந்தலுக்கும் கோதை என்றே பேர். அந்தக் கூந்தலுள்ள பெண்ணுக்கும் அதுவே பேர். கையில் இருந்த மாலை தலைக்கு ஏறி, தலையிலிருந்து ஆளாகவே ஆகிவிடுகிறது. ‘கோத்தல்’ என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உதிரிப்பூ கோதையாகாது. ஒருத்தி உட்கார்ந்து, நார் எடுத்து, ஒவ்வொன்றாகக் கோத்தால்தான் கோதை.

பிரசூனம் செடியில் இருக்கும் பூ. கோதை அந்தப் பூவைப் பறித்து, கோத்து, சூடிக்கொண்டு நிற்பவள். ஞானத்தைப் பூமாலையாகச் சூடிய பெண் என்று விரித்துக்கொள்ளலாம். இலக்கணத்தில் இதை அன்மொழித்தொகை என்பார்கள். தொகைக்குள் இல்லாத ஒரு ஆளை அந்தத் தொகையே கூப்பிட்டுக்கொண்டு வந்து நிறுத்திவிடும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் புரியாத அன்மொழித்தொகை, இந்தப் பேரில்தான் புரிந்தது.

வடமொழியில் தாயாக நிற்கிறவள் தமிழில் தலை நிறையப் பூ வைத்த பெண்ணாக நிற்கிறாள். கும்பிடுகிறவர் அங்கே பிள்ளையாகிறார், இங்கே அவளைப் பெற்றவரோ கூடப் பிறந்தவரோ ஆகிவிடுகிறார். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

கோதை என்றதும் உங்களுக்கு ஆண்டாள் நினைவு வந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிச் செடியடியில் கண்டெடுத்த குழந்தைக்குப் பெரியாழ்வார் வைத்த பேர் கோதை. மாலை கட்டுகிறவர் வீட்டுப் பெண்ணுக்கு மாலையே பேர். அவள் அந்த மாலையைச் சூடிப் பார்த்துக் கொடுத்ததுதான் பிற்பாடு கதை முழுவதும். தெலுங்கில் அவள் கோதாதேவி. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் அவளைப் பற்றித் தெலுங்கில் எழுதிய காவியம் ‘ஆமுக்தமால்யதா’. சூடிக் களைந்த மாலையைக் கொடுத்தவள் என்று அர்த்தம்.

அதே கிருஷ்ணதேவராயர்தான் 1516-ல் எங்கள் ஊரில் பெரிய கோபுரத்தையும் நூற்றுக்கால் மண்டபத்தையும் கட்டியவர். அந்தக் கோபுரத்துக்குத் தெலுங்கில் காலிகோபுரம் என்று பேர். காலி என்றால் காற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதைக்குக் காவியம், காளத்திப் பூங்கோதை ஊருக்குக் கோபுரம். ஒரே ராஜா. ஒன்றுக்காக மற்றொன்றைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்த நினைவு வராமல் இருந்ததில்லை. அந்தக் கோபுரம் 2010 மே 26-ஆம் தேதி சரிந்து விழுந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு ஆறு வருஷம் குறைவு. 2017-ல் அதே இடத்தில் புதிதாக எழுப்பிவிட்டார்கள். ஆயா அது விழுந்ததைப் பார்க்கவில்லை. முந்தின வருஷமே போய்விட்டாள். அது ஒரு விதத்தில் நல்லது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னோம்.

கோதை எப்போதும் பெண் பேராக மட்டும் இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சங்க காலத்தில் அது சேர ராஜாக்களின் பேர். கோக்கோதை மார்பன், குட்டுவன் கோதை, மாக்கோதை. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் தலை உருவமும், பக்கத்தில் மாக்கோதை என்று பழந்தமிழ் எழுத்தும் இருக்கிறது. மாலை போட்ட மார்பு ராஜாவுக்குத்தானே. கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்று ஒரு சேரமான், மனைவியை எரித்த சிதையின் பக்கத்தில் நின்று, இவள் போன பிறகும் நான் உயிரோடு இருக்கிறேனே என்று பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது, 245-ஆவது. கோதை என்ற பேருள்ள ஆண் ஒருவன் அழுதது அது. படிக்காதவர்கள் படித்துவிடுங்கள்.

அகராதியைப் புரட்டினால் இன்னொரு கோதையும் வரும். உடும்பு என்றும், வில்லாளி கையில் கட்டிக்கொள்ளும் தோல் உறை என்றும் பொருள். நாண் கையை அறுக்காமல் இருக்க உடும்புத் தோலில் செய்துகொள்வது. வடமொழி ‘கோதா’ வழியாக வந்த சொல் அது, மாலைக்கும் அதற்கும் உறவில்லை. அம்மன் பேருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் வில்லோடு மலையேறிய வேடனின் ஊரில் குடியிருக்கிறவள் பேருக்குள் இந்த ஒலியும் கிடக்கிறதே என்று நினைத்தால் எனக்குப் பிடித்திருக்கிறது.

‘பூ’வைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூவும் கோதையும் சேர்ந்தால் பொது விதிப்படி பூக்கோதை என்று வல்லெழுத்துத்தான் மிக வேண்டும். பூவுக்கு மட்டும் நன்னூல் தனியாக ஒரு சலுகை தருகிறது. இனமான மெல்லெழுத்தும் வரலாம் என்கிறது. அதனால்தான் பூங்கோதை, பூங்கொடி, பூஞ்சோலை, பூந்தோட்டம். ஒரு சொல்லை அடித்துச் சொல்லாமல் மெல்லச் சொல்ல இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. அந்த ‘ங்’ இல்லாமல் இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சரி, இவ்வளவு நல்ல பேர் ஏன் தெருவில் கேட்பதில்லை?

ஒரேயடியாக இல்லாமல் போய்விடவில்லை. தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்த பூங்கோதை ஆலடி அருணாவை எல்லாருக்கும் தெரியும். 1953-ல் ‘பூங்கோதை’ என்று ஒரு சினிமாவே வந்தது. அஞ்சலி தேவியின் சொந்தப் படம், எல்.வி. பிரசாத் இயக்கம். சிவாஜி கணேசனும் நாகேஸ்வர ராவும் நடித்தார்கள். தெலுங்கிலும் சேர்த்தே எடுத்தார்கள். தெலுங்கில் அதற்குப் பேர் ‘பரதேசி’. ஆனால் அந்தப் பேர் பரவவில்லை. கல்கி ஒரு படகையும் நல்ல குரலையும் கொடுத்ததால் பூங்குழலி பரவினாள். பொன்னியின் செல்வனுக்குப் பிறகு எத்தனை பூங்குழலிகள்! பூங்கோதைக்கு அப்படி ஒரு கதை வாய்க்கவில்லை. முன்னால் ‘ஞானம்’ சேர்ந்த முழுப் பேரை ஒரு மனுஷியின் பேராக எங்கள் ஆயாவைத் தவிர வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. ஊரின் பேரைத்தான் ஆண்களுக்கு நிறைய வைத்திருக்கிறார்கள். காளத்தி, காளத்தியப்பன், காளத்திநாதன். மயிலாப்பூர் மாட வீதியில் ரோஸ்மில்க் குடித்தவர்களுக்குக் காளத்தி கடை நினைவிருக்கும்.

ஆந்திரத்தில் கதை வேறு. பிரசூனா என்ற பேர் அங்கே சாதாரணமாகக் காதில் விழும். ஞானப்பிரசூனா என்றே முழுசாக வைத்தவர்களும் உண்டு. எங்கள் அம்மன் தெலுங்கில் தெருவுக்கு இறங்கி வந்துவிட்டாள், தமிழில்தான் கோயிலுக்குள்ளேயே இருந்துவிட்டாள். எல்லைக் கோடு விழுந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் உண்டானபோது சித்தூர் ஜில்லாவோடு காளஹஸ்தியும் அங்கே போயிற்று. ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் திருத்தணி 1960-ல் இந்தப் பக்கம் வந்தது. எங்கள் ஊர் வரவில்லை. அதைப் பற்றி எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. எங்கள் தெரு எப்போதும் இரண்டு பாஷைத் தெருதான். ஆனால் பூங்கோதை என்று சொல்லி அர்ச்சனை செய்யும் குரல்கள் குறைந்துவிட்டன.

இனி ஆயா.

அவள் அப்பா தமிழ் படித்தவர். சேக்கிழாரை ராகத்தோடு வாசிப்பாராம். முதல் பெண்ணுக்கு அம்மன் பேரை ஒரு எழுத்தும் குறைக்காமல் வைத்தார். வீட்டில் கோதை. பள்ளிக்கூடத்தில் போய்த்தான் தொல்லை ஆரம்பித்தது. தெலுங்கில் ‘கோத்தி’ என்றால் குரங்கு. கூடப் படித்த பிள்ளைகள் விடுவார்களா? தினமும் அழுதுகொண்டு வருவாளாம். மூன்றாம் வகுப்பில் டீச்சரிடம் போய்த் தானே சொல்லியிருக்கிறாள், என் பேர் பிரசூனா என்று. எட்டு வயதில் தன் பேரைத் தானே மொழிபெயர்த்துக்கொண்ட குழந்தை அவள். பேரை மாற்றிக்கொள்ளவில்லை, அம்மனின் இன்னொரு பேரைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று கடைசிவரை சொல்லுவாள்.

அன்றிலிருந்து தெருவுக்குப் பிரசூனம்மா, வீட்டுக்குக் கோதை. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று "பிரசூனம்மா, உன்னாரா?" என்று குரல் கொடுப்பார். அதே நேரம் தாத்தா உள்ளேயிருந்து "ஏ கோதே" என்பார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே "வரேன்" சொல்லுவாள். சின்ன வயதில் எங்களுக்கு அது வேடிக்கை. இப்போது நினைத்தால், எதிர்வீட்டுக்கு அம்மாவாகவும் வீட்டுக்குப் பெண்ணாகவும் அவள் இருந்திருக்கிறாள், பேர் சொன்னபடியே.

காகிதத்தில் மட்டும் அந்தப் பேர் நேராக நின்றதில்லை. ஒரு சீட்டில் பூங்கொடி. கேள்விப்படாத பேர் என்று கேள்விப்பட்ட பேராக ஒருவர் எழுதிவிட்டார். இன்னொன்றில் ஞானப்பிரசூனா, மற்றொன்றில் வெறும் ஞானம்மா. தாத்தா போன பிறகு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டபோது, நீங்கள் மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். என் அம்மா நாலைந்து மாதம் அலைந்தார். ஆயா வருத்தப்பட்டது பணத்துக்காக இல்லை. "எங்கப்பா வச்ச பேரு ஒரு இடத்துல கூட ஒழுங்கா இல்லியே" என்று ஒருநாள் சொன்னாள், முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே. அவள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என் மனசில் அது ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளோடு கோயிலுக்குப் போவேன். பொன்முகலி ஆற்றை ஆந்திராவில் சொர்ணமுகி என்பார்கள், ஆயாவுக்கு அது எப்போதும் பொன்முகலிதான். நாங்கள் பார்க்க ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். அதைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நடப்பாள். காளத்திநாதர் மேற்கு பார்த்தவர், அம்மன் கிழக்கு பார்த்தவள். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேகமாக இந்தப் பக்கம் வந்துவிடுவாள். வீட்டில் தொடுத்த மாலை கையில் இருக்கும். குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டால் எங்கள் எல்லார் பேரையும் சொல்லுவாள், தன் பேரை மட்டும் சொல்ல மாட்டாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "அவ பேரை அவகிட்டயே சொல்லி அர்ச்சனையா?" என்றாள். அப்புறம் கண்ணை மூடி, மெதுவாக, "கோதாய்" என்றாள். ஐயில் முடிகிற பேர் விளியில் ஆய் ஆகும் என்று இலக்கணம் படித்தபோது எனக்கு அந்தச் சன்னதியும் கற்பூர வாசனையும்தான் வந்தது. யாரை யார் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாத ஒரு குரல் அது.

என் தங்கைக்கு மகள் பிறந்தபோது, அதாவது பேர் கேட்டுப் போன் பண்ணினாளே அவள் பிறந்தபோது, வீட்டில் பேர் வைக்கப் பெரிய விவாதம் நடந்தது. காகிதத்தில் பத்துப் பேர் எழுதி வைத்திருந்தோம். ஆயா தன் பேரை வைக்கச் சொல்லவே இல்லை. "காகிதத்துல பாத்தா எல்லா பேரும் நல்லாத்தான் இருக்கும். வாசல்ல நின்னு, தெருக்கோடியில வெளயாடற புள்ளயக் கூப்புடற மாதிரி கூப்பிட்டுப் பாருங்க. எது போய்ச் சேருதோ அத வைங்க" என்றாள். நாங்கள் சிரித்தோம். காகிதத்தில் இருந்த ஒன்றைத்தான் வைத்தோம்.

இதையெல்லாம் எழுதி முடித்து நேற்று மத்தியானம் அவளுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது. ஞானத்தை முன்னால் சேர்த்தால் ‘பூ’வில் ஆரம்பிக்காது, அதனால் பூங்கோதை மட்டும் போதுமா என்று கேட்டிருந்தாள். போதும் என்றேன். அவள் அத்தைக்குப் பிரசூனம் பிடித்துப்போயிற்றாம். இப்போதே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பிரசூனா பிரசூனா என்று கொஞ்ச ஆரம்பித்துவிட்டாராம். சான்றிதழில் என்ன எழுதுவது என்று கணவனும் மனைவியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதை எழுதினாலும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றையே எழுதுங்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

போனை வைத்தபின் தூக்கம் வரவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தேன். எங்கள் காலனியில் பத்து மணிக்கு மேல் நாய்களும் காவலாளியும்தான். காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"கோதே..."

தெருக்கோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து நின்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.